வெளிநாட்டுத் தூக்குமேடையும் கொக்கிரகுளத்து மனுவும்

தாமிரபரணிக் கரையில், கொக்கிரகுளத்திலுள்ள திருநெல்வேலி மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமைதோறும் நடக்கும் குறைதீர்க்கும் கூட்டத்துக்குப் பட்டா கேட்டும், முதியோர் உதவித்தொகை கேட்டும், தெருக்குழாயில் தண்ணீர் வரவில்லை என்றும் மனுக்கள் வருகின்றன. அவற்றுக்கு நடுவே, வெளிநாட்டுக்கு வேலைக்குப் போன மகனையோ கணவனையோ பற்றிய மனுவும் அவ்வப்போது வரும். சம்பள பாக்கி, பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொண்டு தராத முதலாளி, ஊருக்குக் கொண்டுவர வேண்டிய உடல் என்று அவற்றின் காரணங்கள் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கும். சிறையில் இருப்பவரைப் பற்றிய மனு அவற்றில் குறைவு. மரண தண்டனையை எதிர்நோக்கியிருப்பவரைப் பற்றிய மனு மிகவும் அரிது. அந்த அரிதான மனுவுக்கு ஒரு குணம் உண்டு. அது தாமதமாக வரும். தீர்ப்பு வந்த பிறகு, சில நேரங்களில் மேல்முறையீடும் தோற்ற பிறகு, கருணை காட்டச் சொல்லுங்கள் என்ற ஒரே வேண்டுகோளோடு வரும். அயல்நாட்டில் மரண தண்டனைக்கு ஆளாகும் ஒருவரின் வழக்கு கைதான முதல் சில நாட்களிலேயே பெரும்பாலும் முடிவாகிவிடுகிறது என்பதும், நாம் நமது பலத்தையெல்லாம் கடைசி சில நாட்களுக்காக வைத்திருக்கிறோம் என்பதும்தான் இங்கே விளக்கப்பட வேண்டியவை.

2025 மார்ச் மாதம் மாநிலங்களவையில் வெளியுறவுத் துறை தந்த பதிலின்படி, 8 நாடுகளில் 49 இந்தியர்கள் மரண தண்டனை விதிக்கப்பட்டுச் சிறையில் இருந்தனர். ஐக்கிய அரபு அமீரகத்தில் 25 பேர், சவூதி அரேபியாவில் 11 பேர், மலேசியாவில் 6 பேர், குவைத்தில் 3 பேர். இந்தோனேசியா, கத்தார், அமெரிக்கா, ஏமன் ஆகிய நாடுகளில் தலா ஒருவர். விசாரணைக் கைதிகளையும் சேர்த்து வெளிநாட்டுச் சிறைகளில் இருந்த இந்தியர்கள் 10,152 பேர். இந்தப் பட்டியலிலுள்ள நாடுகளில் பெரும்பாலானவை பழைய திருநெல்வேலிச் சீமைக்கு அயல் ஊர்களைப் போலப் பழகியவை. மேலப்பாளையத்திலும் ஏர்வாடியிலும் வளைகுடா செல்லாத குடும்பத்தைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். கடையநல்லூர், தென்காசிக்காரர்கள் சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் தலைமுறைகளாக வேர்விட்டவர்கள். இடிந்தகரை, கூத்தங்குழி, உவரி மீனவர்கள் வளைகுடாக் கடலில் கூலிக்கு மீன்பிடிக்கிறார்கள். 2024 செப்டம்பரில் இடிந்தகரை மீனவர்கள் 28 பேர் எல்லை தாண்டியதாக பஹ்ரைன் கடலோரக் காவல் படையிடம் பிடிபட்டு, அந்த ஆண்டின் இறுதியில் விடுதலையானார்கள். அது உயிருக்கு ஆபத்தான வழக்கன்று. ஆனால் செய்தி வந்தவுடன் ஊரே திரண்டு மனு கொடுத்தபோது அரசு இயந்திரம் எவ்வளவு விரைவாக அசையும் என்பதை அது காட்டியது.

வெளிநாட்டில் கைதாகும் ஒருவருக்குச் சட்டம் தரும் முதல் பிடிமானம், தூதரக உறவுகளுக்கான 1963ஆம் ஆண்டு வியன்னா உடன்படிக்கையின் 36ஆவது பிரிவு. இந்தியா 1977இல் இதில் இணைந்தது. கைது செய்யப்பட்டவரிடம், உங்கள் நாட்டுத் தூதரகத்துக்குத் தகவல் சொல்லலாமா என்பதைக் காவல்துறை தாமதமின்றிக் கேட்க வேண்டும். அவர் விரும்பினால் தாமதமின்றித் தகவல் சொல்ல வேண்டும். தூதரக அதிகாரி அவரைச் சிறையில் சந்திக்கவும், கடிதம் எழுதவும், வழக்கறிஞர் வைத்துக் கொடுக்கவும் உரிமை உண்டு. இதற்கு மேல் அந்தப் பிரிவில் எதுவும் இல்லை. விடுதலை செய் என்றோ, தண்டனையைக் குறை என்றோ அது எந்த நாட்டையும் கட்டாயப்படுத்துவதில்லை. அந்தக் கேள்வியும் கைதானவருக்குப் புரியும் மொழியில் கேட்கப்பட வேண்டும், அதன் பொருளும் அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டு லேபர் கேம்ப்புக்குப் போன ஒருவரிடம் அரபியில் எழுதிய தாளை நீட்டி, இங்கே கைநாட்டு வை என்றால், எதை வேண்டுமென்று கேட்டோம், எதை வேண்டாமென்று சொன்னோம், எதை ஒப்புக்கொண்டோம் என்பது அவருக்கு எப்படித் தெரியும்? அந்தத் தாள்தான் பின்னர் வாக்குமூலமாக வழக்கின் கடைசி நாள் வரை கூடவே வருகிறது.

முதல் நாட்களின் எடையைச் சரியாக உணர்த்தும் வழக்கு நம் பக்கத்தது அன்று, அமெரிக்காவின் அரிசோனாவில் நடந்தது. லாகிராண்ட் சகோதரர்கள் இருவரும் ஜெர்மனியில் பிறந்து, சிறுவயதிலேயே தாயுடன் அமெரிக்கா வந்து வளர்ந்தவர்கள். குடியுரிமை மட்டும் ஜெர்மனியுடையதாகவே இருந்தது. 1982இல் வங்கிக் கொள்ளை ஒன்றில் நடந்த கொலைக்காக 1984இல் அவர்களுக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது. தூதரகத்தின் உதவியைக் கேட்கும் உரிமை உண்டென்று அவர்களிடம் யாரும் சொல்லவில்லை. ஜெர்மன் தூதரகத்துக்கு விவரம் தெரிந்தது 1992இல். அதற்குள் சிறுவயதுக் கொடுமைகள், மனநிலை போன்றவற்றை முதல் விசாரணையில் முன்வைக்கும் வாய்ப்பு கடந்துபோயிருந்தது. காலத்தில் எழுப்பாத வாதத்தைப் பிறகு எழுப்ப முடியாது என்ற அமெரிக்க நடைமுறை விதி கதவை அடைத்தது. 1999இல் இளையவரின் தண்டனை நிறைவேறிய பின் ஜெர்மனி சர்வதேச நீதிமன்றத்தை நாடியது; நிறுத்திவைக்கச் சொல்லி அந்த நீதிமன்றம் உத்தரவிட்ட பிறகும், மூத்தவரின் தண்டனை மார்ச் 3 அன்று நிறைவேற்றப்பட்டது. 36ஆவது பிரிவு தனிமனிதருக்கே உரிமை தருகிறது, தனது இடைக்கால உத்தரவு நாடுகளைக் கட்டுப்படுத்தும் என்று 2001இல் அந்த நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2004இல் மெக்சிகோ தொடுத்த வழக்கில் 51 மெக்சிகோ குடிமக்கள் தொடர்பாக அதே உரிமை மீறப்பட்டதாகக் கண்டு, வழக்குகளை மறுஆய்வு செய்யச் சொன்னது. ஆனால் அந்தத் தீர்ப்பு நேரடியாகத் தங்களைக் கட்டுப்படுத்தாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2008இல் கூறியது. அந்த 51 பேரில் ஒருவருக்கு டெக்சாஸ் அதே ஆண்டு ஆகஸ்டில் தண்டனையை நிறைவேற்றியது.

நமக்கு நன்கு தெரிந்த, பாகிஸ்தானில் மரண தண்டனை பெற்ற முன்னாள் இந்தியக் கடற்படை அதிகாரி குல்பூஷண் ஜாதவின் வழக்கும் இதே பிரிவில்தான் நின்றது. 2016 மார்ச் 3 அன்று கைது செய்ததாகக் கூறிய பாகிஸ்தான், இந்தியாவுக்கு மார்ச் 25 அன்றுதான் அறிவித்தது. 2017 ஏப்ரலில் இராணுவ நீதிமன்றம் மரண தண்டனை விதித்தது. சர்வதேச நீதிமன்றம் 2019 ஜூலை 17 அன்று, மூன்று வாரத் தாமதமே உடன்படிக்கை மீறல் என்றும், தூதரக அதிகாரிகளைச் சந்திக்க விட வேண்டும் என்றும், தீர்ப்பைப் பயனுள்ள முறையில் மறுஆய்வு செய்ய வேண்டும் என்றும் கூறியது. விடுதலை செய்யச் சொல்லவில்லை. இரு நாடுகளும் அந்த நீதிமன்றத்தின் அதிகாரத்தை ஏற்றிருந்ததால்தான் இவ்வளவும் நடந்தது என்பதையும், எல்லா நாடுகளையும் அங்கே இழுத்துவிட முடியாது என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் நிலைமை வேறு. அங்கே நீதிமன்றங்கள் ஒழுங்காக நடக்கின்றன, தமிழ் மொழிபெயர்ப்பாளர் கிடைக்கிறார், வழக்கறிஞர் உண்டு. சிக்கல் சட்டத்தின் அமைப்பிலேயே இருக்கிறது. சிங்கப்பூரில் 15 கிராமுக்கு மேல் ஹெராயின், 500 கிராமுக்கு மேல் கஞ்சா, 250 கிராமுக்கு மேல் மெத்தாம்பெட்டமின் கடத்தினால் பொதுவாக மரண தண்டனை கட்டாயம். ஒருவரிடம் பொதி இருந்தால், அதில் இருப்பது இன்னதென்று அவருக்குத் தெரியும் என்றே சட்டம் அனுமானிக்கும். தெரியாது என்று நிரூபிக்கும் பொறுப்பு குற்றம் சாட்டப்பட்டவருடையது. இந்த ஓர் அனுமானம் நம் ஊர்ப் பழக்கம் ஒன்றுடன் நேருக்கு நேர் மோதுகிறது. வெளிநாட்டுக்குப் புறப்படும் ஒருவரிடம் அக்கம்பக்கத்தார் பார்சல் கொடுத்தனுப்புவது இங்கே மரியாதையின் ஒரு பகுதி. அரைக் கிலோ அல்வா, நார்த்தங்காய் ஊறுகாய், மாமியாருக்கு மூட்டுவலி மாத்திரை, மகனுக்கு மசாலாப் பொடி. திறந்து பார்க்கலாமா என்று கேட்பதே அவமரியாதை என்று நினைக்கிறோம். நாம் குருமாவுக்கு அரைக்கும் கசகசாவே அமீரகத்திலும் சவூதியிலும் தடை செய்யப்பட்ட பொருள். கசகசாவுக்கு யாரும் தூக்கில் போடுவதில்லை. ஆனால் திறக்காத பொதியை நம்பிச் சுமக்கும் அதே கைதான் ஏஜென்ட் தரும் பெட்டியையும் சுமக்கிறது.

இந்தோனேசியாவில் 2025 ஏப்ரலில் தமிழ்நாட்டைச் சேர்ந்த மூவருக்கு, கப்பலில் 106 கிலோ மெத்தாம்பெட்டமின் இருந்த வழக்கில் விசாரணை நீதிமன்றம் மரண தண்டனை விதித்தது. அதன் பிறகு, அவர்களுக்குச் சட்ட உதவி உறுதி செய்யப்பட வேண்டும் என்று டெல்லி உயர் நீதிமன்றம் இந்தியத் துணைத் தூதரகத்துக்கு அறிவுறுத்தியது. அதே நாட்டில் நடந்த இன்னொரு வழக்கு, சொந்த ஊரில் என்ன செய்ய முடியும் என்பதற்கு நல்ல எடுத்துக்காட்டு. 2015 ஏப்ரல் 29 அன்று அங்கே எட்டுப் பேரைச் சுட்டுக் கொன்றனர். ஏழு பேர் வெளிநாட்டவர், அவர்களில் ஈழத் தமிழ்ப் பெற்றோருக்குப் பிறந்த ஆஸ்திரேலியக் குடிமகனும் ஒருவர். ஒன்பதாவதாக நிறுத்தப்படவிருந்த பிலிப்பைன்ஸ் நாட்டு வீட்டுப் பணிப்பெண் மட்டும் கடைசி நேரத்தில் தப்பினார். அவரை வேலைக்கு அழைத்துச் சென்று பெட்டியைக் கொடுத்ததாகக் கூறப்பட்ட பெண், முந்தைய நாள் பிலிப்பைன்ஸ் காவல்துறையிடம் சரணடைந்திருந்தார். அந்த ஆள்கடத்தல் வழக்குக்கு அவர் சாட்சி என்ற காரணத்தால் தண்டனை நிறுத்தப்பட்டு, 2024 டிசம்பரில் அவர் தாய்நாடு திரும்பினார். சொந்த நாட்டுக் காவல் நிலையத்தில் ஏஜென்ட் மீது பதிவாகும் ஒரு முதல் தகவல் அறிக்கை, அயல்நாட்டு நீதிமன்றத்தில் ஓர் உயிரைத் தாங்கிப் பிடிக்கும். நம் குடும்பங்களோ, ஏஜென்ட் சொந்தக்காரர், ஊர்க்காரர், பொல்லாப்பு வேண்டாம் என்று அந்தப் புகாரைத்தான் கடைசிவரை கொடுக்காமல் இருக்கின்றன.

வளைகுடா நாடுகளுக்கு வந்தால், கொலை வழக்கும் போதைப்பொருள் வழக்கும் இரு வேறு பாதைகள் என்பதை முதலில் புரிந்துகொள்ள வேண்டும். கொலை வழக்கு கிசாஸ் என்ற பழிக்குப் பழி முறையில் வரும். கொல்லப்பட்டவரின் வாரிசுகள் மன்னித்தால், அல்லது தியா எனப்படும் இழப்பீட்டைப் பெற்றுக்கொள்ள இசைந்தால், மரண தண்டனை விலகும். வாரிசுகளில் சிறுபிள்ளை இருந்தால் சவூதியில் அந்தப் பிள்ளை வயதுக்கு வரும்வரை முடிவு தள்ளிப்போகும். அதுவரை கைதி காத்திருப்பார். போதைப்பொருள் வழக்கில் மன்னிக்க வாரிசு என்று யாரும் இல்லை. அங்கே அரசின் கருணை ஒன்றுதான். 2024இல் சவூதியில் நிறைவேற்றப்பட்ட 300க்கும் மேற்பட்ட மரண தண்டனைகளில் 100க்கும் மேற்பட்டவை வெளிநாட்டினருடையவை. ஊரில் யாராவது பணம் திரட்டத் தொடங்குமுன் வழக்கு எந்தப் பிரிவில் இருக்கிறது என்று கேட்டறிவது மிக அவசியம்.

தியா என்றால் அரபுக் குடும்பத்திடம் போய் நிற்பது என்றே பலரும் நினைக்கிறார்கள். தஞ்சாவூர் மாவட்டத்தைச் சேர்ந்த ஒருவர் குவைத்தில் தன்னுடன் வேலை பார்த்த மலப்புரத்துக்காரரைக் கொன்ற வழக்கில் மரண தண்டனை பெற்றார். 2017இல் அந்த மன்னிப்பு கேட்கப்பட்டதும் கிடைத்ததும் கேரளத்தில்தான். கணவனை இழந்த பெண்ணிடம் 30 லட்சம் ரூபாய் சேர்க்கப்பட்டது, அவர் மன்னிப்புக் கடிதத்தில் கையெழுத்திட்டார், குவைத்தில் தண்டனை குறைந்தது. கடனிலும் கண்ணீரிலும் இருந்த இரண்டு ஏழைக் குடும்பங்கள், ஒன்றின் உயிரை மற்றொன்று தன் பேனாவில் வைத்திருந்தன. சவூதியில் மரண தண்டனை பெற்ற கோழிக்கோட்டுக்காரர் ஒருவருக்காக 2024 ஏப்ரலில் உலகெங்கும் உள்ள மலையாளிகள் 34 கோடி ரூபாய் திரட்டியதை அறிவோம். அவர் அதற்கு முன்பே 18 ஆண்டுகள் சவூதிச் சிறையில் கழித்திருந்தார். ஜும்ஆ முடிந்து பள்ளிவாசல் வாசலில் துண்டேந்தும் பழக்கம் நம் ஊர்களிலும் உண்டு, அந்தக் கருணையை நான் மதிக்கிறேன். ஆனால் முதல் விசாரணையில் நல்ல மொழிபெயர்ப்பாளருக்கும் வழக்கறிஞருக்கும் செலவிடும் தொகை இதில் மிகச் சிறு பங்குதான்.

கடைசி நாட்களில் குடும்பத்துக்கு எவ்வளவு தெரியவரும் என்பதற்கும் உறுதியில்லை. உத்தரப் பிரதேசத்தைச் சேர்ந்த பெண் ஒருவருக்கு, அவர் பராமரிப்பில் இருந்த குழந்தை இறந்த வழக்கில், 2025 பிப்ரவரி 15 அன்று அபுதாபியில் தண்டனை நிறைவேற்றப்பட்டது. இந்தியத் தூதரகத்துக்கு அது தெரிவிக்கப்பட்டது பிப்ரவரி 28 அன்று. மகள் உயிருடன் இருக்கிறாளா என்று கேட்டு டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போன தந்தை, மார்ச் 3 அன்று அங்கேதான் செய்தியைக் கேட்டார். ஏமனின் தலைநகர் சனாவில் மரண தண்டனை விதிக்கப்பட்ட பாலக்காட்டுச் செவிலியரின் வழக்கில் சிக்கல் இன்னும் ஆழமானது: அந்த நகரத்தை ஆளும் ஹூதி கிளர்ச்சிப் படையினரோடு இந்தியாவுக்கு அதிகாரபூர்வ உறவே இல்லை. 2025 ஜூலை 16 என்று குறிக்கப்பட்டிருந்த நாள் தள்ளிவைக்கப்பட்டதில் மத அறிஞர்களின் முயற்சிக்கும் பங்கிருந்ததாகச் சொல்லப்பட்டது.

அரசுகள் முழு எடையோடு இறங்கினால் நிலைமை மாறும். இராமேசுவரம் மீனவர்கள் ஐவருக்குக் கொழும்பு உயர் நீதிமன்றம் 2014 அக்டோபர் 30 அன்று மரண தண்டனை விதித்தது. மூன்றே வாரங்களில் இலங்கை அதிபரின் பொதுமன்னிப்பில் அவர்கள் வீடு திரும்பினார்கள். கத்தாரில் முன்னாள் கடற்படையினர் எட்டுப் பேருக்கு 2023 அக்டோபரில் விதிக்கப்பட்ட தண்டனை டிசம்பரில் குறைக்கப்பட்டு, 2024 பிப்ரவரியில் அவர்கள் விடுதலையானார்கள். எதிர்த் திசையிலும் ஒன்று உண்டு. 2012 பிப்ரவரியில் இத்தாலியக் கடற்படையினர் சுட்டு இரண்டு மீனவர்கள் இறந்தபோது, அவர்களில் ஒருவர் நம் பக்கத்து மாவட்டமான கன்னியாகுமரியைச் சேர்ந்தவர். இத்தாலி முதல் நாளிலிருந்தே, இந்தியாவில் கைதான தன் வீரர்களுக்காகப் போராடி, மரண தண்டனை இருக்காது என்ற உறுதியை 2013 மார்ச்சில் இந்தியாவிடமிருந்து பெற்றுவிட்டது. அந்தக் குடும்பங்களின் பக்கம் நின்று அப்போது கோபப்பட்டவன்தான் நான். ஆனாலும் ஒரு நாடு தன் குடிமகனுக்காக எந்த நேரத்தில் அசைய வேண்டும் என்பதை அந்த வழக்கிலிருந்து கற்றுக்கொள்ள வேண்டியிருக்கிறது.

இவ்வளவும் ஒரே குடியுரிமை உள்ளவர்களைப் பற்றியது. இரட்டைக் குடியுரிமை உள்ளவருக்கு இந்தப் பிடிமானமும் வழுக்கும். ஒருவர் இரண்டு நாடுகளின் குடிமகனாக இருந்தால், அவற்றில் ஒன்றுக்கு எதிராக மற்றொன்று அவரைப் பாதுகாக்க முடியாது என்று 1930ஆம் ஆண்டு ஹேக் உடன்படிக்கையின் 4ஆவது பிரிவு கூறியது; பிற்காலச் சட்ட அறிஞர்கள் இதைத் தளர்த்த முயன்றாலும், மரண தண்டனை வழங்கும் சில நாடுகள் இன்றும் இதையே பிடித்துக்கொண்டிருக்கின்றன. ஈரான் இரட்டைக் குடியுரிமையை ஏற்பதில்லை. நெதர்லாந்துக் குடியுரிமையும் கொண்ட ஈரானியப் பெண் ஒருவர் 2011 ஜனவரியில் தூக்கிலிடப்பட்டபோது, நெதர்லாந்துத் தூதரகத்தால் அவரைப் பார்க்கவே முடியவில்லை. 2023இல் பிரிட்டன், சுவீடன் குடியுரிமை பெற்றிருந்த இருவருக்கும் அதே முடிவு. சீனாவின் 1980ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டமும் இரட்டைக் குடியுரிமையை மறுக்கிறது. 2025இல் அங்கே மரண தண்டனை நிறைவேற்றப்பட்ட கனடா நாட்டினர் நால்வரும் இரட்டைக் குடியுரிமையுடையவர்கள் என்று கனடா தெரிவித்தது.

இந்தியர்களுக்கு இது எப்படிப் பொருந்தும்? இந்தியா இரட்டைக் குடியுரிமையை அனுமதிப்பதில்லை. வேறு நாட்டின் குடியுரிமையை விரும்பிப் பெற்ற கணத்திலேயே 1955ஆம் ஆண்டுச் சட்டத்தின் 9ஆவது பிரிவின்படி இந்தியக் குடியுரிமை போய்விடுகிறது, பழைய பாஸ்போர்ட் பெட்டியில் இருந்தாலும். வெளிநாட்டுக் குடியுரிமை உள்ள இந்திய வம்சாவளியினருக்கு 2005 முதல் வழங்கப்படும் ஓசிஐ அட்டை விசா வசதிதான், குடியுரிமை அன்று. மூன்றாவது நாடொன்றில் ஓசிஐ அட்டைக்காரர் கைதானால் இந்தியத் தூதரகத்துக்கு அவரைச் சந்திக்கும் உரிமை கிடையாது. கடையநல்லூரில் பாட்டனார் வீடு இருந்தாலும், மலேசிய அடையாள அட்டை வைத்திருப்பவருக்காகப் பேச வேண்டியது மலேசியாதான். 42.72 கிராம் ஹெராயினுக்காக மலேசியத் தமிழ் இளைஞர் ஒருவர் சிங்கப்பூரில் 2022 ஏப்ரல் 27 அன்று தூக்கிலிடப்பட்டார். அவருடைய அறிவுத்திறன் அளவு 69 என்று மதிப்பிடப்பட்டிருந்தது; மலேசியப் பிரதமரே கடிதம் எழுதியும் பயனில்லை. இங்கே எத்தனை பேர் மனம் வெதும்பியும், இந்தியாவுக்கு அதில் நிற்க இடமில்லை. அடுத்த ஆண்டு மலேசியா கட்டாய மரண தண்டனையை நீக்கியது.

அந்நியர் என்ற நிலை நம் சிறைகளுக்குள்ளும் இருந்தது. இராஜீவ் காந்தி கொலை வழக்கில் தண்டனை உறுதியாகி, கருணை மனுவுக்கான 11 ஆண்டுத் தாமதத்தால் 2014 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தண்டனையைக் குறைத்த மூவரில் இருவர் இலங்கைக் குடிமக்கள். அவர்களுக்காகப் பேசியது அவர்களுடைய நாட்டு அரசைவிடத் தமிழ்நாட்டு மக்கள்தாம்.

ஆகவே வெளிநாட்டிலிருந்து, உங்கள் மகனைப் போலீஸ் பிடித்துவிட்டது என்று அறைத்தோழர் போன் செய்த அன்றே தொடங்க வேண்டிய வேலைகள் சில உண்டு. பாஸ்போர்ட் நகல், விசாப் பக்கம், முதலாளியின் பெயர், எந்தக் காவல் நிலையம் என்ற விவரம் ஆகியவற்றோடு அந்த நாட்டிலுள்ள இந்தியத் தூதரகத்துக்கு எழுத்தில் முறையிட வேண்டும். வெளியுறவுத் துறையின் ‘மதத்’ (MADAD) என்ற குறைதீர்ப்பு இணையதளத்தில் பதிந்து எண் வாங்க வேண்டும். அதன் நகலோடு ஆட்சியருக்கும் சென்னையிலுள்ள அயலகத் தமிழர் நலத்துறைக்கும் மனு கொடுக்க வேண்டும். தூதரகங்களிடம் 2009 முதல் இந்தியச் சமூக நல நிதி இருக்கிறது. உரியவர்களுக்கு அதிலிருந்து வழக்கறிஞர் உதவி தரலாம். ஆனால் கேட்டவர்களுக்குத்தான் அது போகும். மரண தண்டனைக் கைதியை அந்தத் தண்டனையோடு தாய்நாட்டுச் சிறைக்கு மாற்றக் கைதிகள் பரிமாற்ற ஒப்பந்தங்கள் பொதுவாக இடம் தருவதில்லை, அது ஆயுள் தண்டனையாகக் குறைந்த பிறகே அந்தப் பேச்சு எழும்.

இன்னொன்றையும் சேர்க்க வேண்டும். கைதானவர் சிறுவயதில் தலையில் அடிபட்டவரா, வலிப்பு உள்ளவரா, மனநலச் சிகிச்சை பெற்றவரா என்பதற்கான தாள்கள். பாளையங்கோட்டை ஐகிரவுண்டு ஆஸ்பத்திரியின் பழைய சீட்டு, பள்ளியில் இரண்டு முறை தோற்ற மதிப்பெண் பட்டியல், அரசு கொடுத்த மாற்றுத்திறனாளி அட்டை ஆகியவை வீட்டுப் பரணில் டிரங்குப் பெட்டிக்குள் கிடக்கும். முதல் விசாரணையின்போதே அவை மொழிபெயர்க்கப்பட்டு, சான்றொப்பம் பெற்று வழக்கறிஞர் கைக்குப் போக வேண்டும். குடும்ப மானம் கருதி மறைத்துவிட்டு, ஐந்து ஆண்டு கழித்துக் கருணை மனுவோடு இணைத்தால், இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை என்றுதான் அங்கே கேட்பார்கள்.